துப்பாக்கிக் கட்டையில் ஒன்பது கீறல்கள்

அமீரகத்தின் அல் ஐனில் நான் வேலை பார்ப்பது மரச்சாமான் பாலிஷ் பட்டறையில். எங்கள் தொழிலில் கீறல் என்றால் குற்றம். சோபாக் காலில் நகம் பட்ட தடம் இருந்தால்கூட வாடிக்கையாளர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார். அதனால் கீறலைக் கண்டாலே எனக்குக் கை பரபரக்கும். அதில் கொஞ்சம் திமிரும் உண்டு. என் கை பட்ட மரத்தில் பழைய காயத்தை எவனாவது கண்டுபிடித்துக் காட்டட்டும் என்று ரூமில் பீற்றிக்கொள்வேன்.

போன குளிர்காலத்தில் ஓர் அரபி துணிப்பொட்டலத்தோடு வந்தார். உள்ளே பழைய வேட்டைத் துப்பாக்கியின் மரக்கட்டை, தோளோடு அணைத்துப் பிடிக்கும் பகுதி. இரும்புப் பாகங்கள் லைசென்ஸ் உள்ள கடையில் இருந்தன. மரம் மட்டும் எங்களிடம். அவருடைய அப்பாவின் துப்பாக்கியாம். மகன் முதல்முறையாக வேட்டைக்குப் போகிறான், அவனுக்காகச் சீர்செய்கிறார். கட்டையைத் தடவித் தடவி நெடுநேரம் பேசினார். எங்கள் சூப்பர்வைசர் யாழ்ப்பாணத்துத் தம்பி, அரபி தெரிந்தவர். ஒரு காதில் போனை வைத்தபடியே கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"புதுசு மாதிரி வேணுமாம் அண்ணை."

"அம்புட்டுத்தானா? இவ்வளவு நேரம் பேசுனாரே?"

"அவ்வளவுதான். வடிவாச் செய்யுங்கோ."

கட்டையின் ஒரு பக்கத்தில் கத்தியால் கீறிய கோடுகள் இருந்தன. எண்ணிப் பார்த்தேன், ஒன்பது. எந்த மடையன் செய்த வேலை என்று வைதுகொண்டே உப்புத்தாள் போட்டேன். ஏழு தேய்ந்து மறைந்தன. ஆழமான இரண்டை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தேன். இரண்டு நாள் வேலை. பாலிஷ் ஏறியதும் முகம் பார்க்கலாம் போல இருந்தது. சூப்பர்வைசரை நானே கூப்பிட்டுக் காட்டினேன்.

தந்தையும் மகனும் சேர்ந்து வந்தார்கள். மகனுக்கு இருபது வயதுக்குள் இருக்கும். அரபி கட்டையைத் திருப்பிப் பார்த்தார், மறுபடியும் திருப்பினார். சத்தம் போடவில்லை. மெதுவாக எதையோ கேட்டார். சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, அந்தக் கோடுகள் எங்கை எண்டு கேக்கிறார். அவையின்ர குடும்பத்தில ஆர் முதல் வேட்டை ஆடினாலும் அதில ஒரு கோடு கீறுறவையாம். கடைசிக் கோடு இவர் கீறினதாம். இனி அதுக்குக் கீழ மகன் கீற வேணுமாம்."

"இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல தம்பி?" என்று எரிந்து விழுந்தேன். அவரை வைது என்ன ஆகப்போகிறது? அடைத்த இரண்டையாவது தோண்டி எடுத்துவிடலாம் என்று உளியை எடுத்தேன். அடைத்த இடமே தெரியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை! குத்துமதிப்பாகத் தோண்டினேன், வெறும் மரம்தான் வந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளித் தோண்டப் போனபோது அரபி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கலாஸ், ஸதீக்" என்றார். போதும், நண்பா.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். அக்கறையாகத்தான் செய்தேன் என்று அவரிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. என்னிடம் இருந்த அரபியில் அதற்கு வழியில்லை. உளியைக் கீழே வைத்தேன்.

ஒரு மாதம் கழித்து மகன் மட்டும் வந்தான். வெளிநாட்டுக்குப் போய், அனுமதி வாங்கி, மான் அடித்திருக்கிறான். முதல் வேட்டை. எங்கே கீறுவது என்று அப்பாவைக் கேட்டானாம். எங்கே வேண்டுமானாலும் கீறிக்கொள் என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டாராம். இதையெல்லாம் எனக்குப் புரியும் ஹிந்தியில் சொல்லிவிட்டு, கட்டையை என் முன்னால் வைத்தான். நீதானே கடைசியாகப் பார்த்தவன், அப்பாவின் கோடு எங்கே இருந்தது, காட்டு என்றான்.

இரண்டு நாள் என் கண்ணுக்கு நேரே கிடந்த கோடுகள். எண்ணிக்கை நினைவிருக்கிறது. எது முந்தியது, எது கடைசி, வரிசை எங்கே முடிந்தது, ஒன்றும் நினைவில்லை. அழிக்க வேண்டியவை என்று மட்டுமே பார்த்திருக்கிறேன். தெரியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவன் கத்தியை விரித்து வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான்.

நான் ஓர் இடத்தில் விரலை வைத்தேன்.

"பக்கா?" என்றான். நிச்சயம்தானா என்று.

"பக்கா" என்றேன்.

என் விரலுக்குக் கீழே கத்தியை வைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, அவன் கவனமாகக் கீறினான்.