அண்ணனின் கோல்

மெக்சிகோவின் வஹாக்கா மலைகளில் உள்ள யத்தோனியில் எவர் இறந்தாலும், கல்லறைக்குக் கொண்டுபோகும் முன் பெட்டியைக் கூடைப்பந்துத் திடலின் நடுவட்டத்தில் இறக்கி வைப்பார்கள். ஊர் கூடுவது அங்கே. சந்தை கூடுவது அங்கே. திருவிழாவின் பித்தளை வாத்தியம் முழங்குவதும் அங்கே. ஆகவே விடைபெறுவதும் அங்கேதான். அரிஸ்தேயோ இயேஸ்காஸ் வடக்கு நகரத்திலிருந்து பேருந்து மாறி, சரக்கு வண்டியில் தொற்றி, ஊர் வந்து சேர்ந்த காலையில் அந்த வட்டத்துக்குள் இருந்தது அவருடைய தம்பி சிரேனியோவின் பெட்டி. அதன்மேல் ஒரு கருவாலி மரக் கோல் கிடந்தது. ஊருக்கு ஏவல் செய்யும் தோபில் என்னும் பணியாள், தன் பணியாண்டு முடியும்வரை கையை விட்டு இறக்காத கோல் அது. ஆனால் அந்தப் பணிக்கு ஊர் பெயரிட்டிருந்தது சிரேனியோவை அல்ல, அரிஸ்தேயோவை.

அரிஸ்தேயோவின் பெயர் மெக்சிகோ முழுவதும் தெரிந்திருந்த காலம் ஒன்று உண்டு. வஹாக்கா மலைநாட்டாருக்கு உயரம் வாய்ப்பதில்லை. அவர்களிலும் அவர் குட்டை. "இவனுக்குப் பந்து வேணாம், மொதல்ல ஏணி குடுங்கடா" என்பான் உடன் ஆடிய புல்ஹென்சியோ. வாய்க்காத உயரத்தைக் கண்ணால் ஈடுசெய்யக் கற்றுக்கொண்டார் அரிஸ்தேயோ. ஒருவனைப் பார்த்துக்கொண்டே வேறொருவன் கைக்குப் பந்தை அனுப்புவார். வாங்கியவனே ஒரு கணம் திகைத்துப்போவான். பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் பரிசாக வைத்த காளைகள் பல யத்தோனிக்கு நடந்து வந்தது அப்படித்தான். மீசை அரும்பும் பருவத்தில் அவரைச் சமவெளிக்கு அழைத்துச் சென்றார்கள். தொழில்முறை ஆட்டத்தில் சேர்ந்து, வடக்கு நகர அணிக்குத் தலைவராகி, நாட்டு அணியின் சட்டையையும் அணிந்தார். படங்களில் அவர் தலை மற்ற ஆட்டக்காரர்களின் மார்பளவே இருக்கும். எனினும் அந்தத் தொழில்முறை ஆட்டத்தில் அவரளவுக்குப் பிறரைக் கூடை போட வைத்தவர் எவருமிலர்.

யாருக்குத் தொலைபேசி வந்திருக்கிறது, யார் வீட்டில் பன்றி அடித்திருக்கிறார்கள் என்று அறிவிக்கும் ஊர் ஒலிபெருக்கி, அவருடைய ஆட்டங்களின்போது வானொலி வருணனையைப் பள்ளத்தாக்கு முழுவதற்கும் கேட்கவைக்கும். சோளம் உரித்துக்கொண்டிருக்கும் கைகள் நின்றுவிடும். புகழ் வந்தபின் ஊர்த் திடலுக்கு கூடைகளுக்குப் பின்னே பொருத்தும் இரண்டு கண்ணாடிப் பலகைகளை அனுப்பினார் அரிஸ்தேயோ. ஊர் வாத்தியம் முழங்கி அவற்றை வரவேற்றது. அடுத்த கூட்டத்தில் அவரைத் தோபில் பணிக்கும் பெயரிட்டது.

அவர் பிழை அங்கேதான் நேர்ந்தது. பலகை கொடுத்தவனை இனித் திடலைப் பெருக்கச் சொல்லமாட்டார்கள் என்று அவர் எண்ணினார். யத்தோனியிலோ நன்கொடை வேறு, பணி வேறு. ஊதியமில்லாத அந்த ஓராண்டுப் பணியைச் செய்தவனுக்கே ஊர்ப் பொதுநிலத்தில் பங்கு. அவனுக்கே கல்லறையின் மேல்வரிசையில் இடம். அவன் பெட்டிக்கு முன்னே மட்டுமே வாத்தியம் செல்லும். ஆட்டப் பருவத்தைக் காரணம் காட்டி இருமுறை தவணை கேட்டார், ஊர் கொடுத்தது. மூன்றாம் முறை பெயரிட்டபோது அவர் முழங்கால் தேய்ந்திருந்தது. ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரே பருவம்தான் எஞ்சியிருந்தது. தொலைபேசியில் தம்பியிடம் புலம்பினார்.

"இதுக்கா இவ்வளவு நேரம் பேசறே?" என்றார் சிரேனியோ. "நீ ஆடு அண்ணே. கோலை நான் பிடிச்சுக்கறேன்."

ஊரும் முணுமுணுத்தபடியே ஒப்புக்கொண்டது. சிரேனியோ மணி அடித்தார், குடித்து விழுந்தவர்களைக் காவலறையில் படுக்கவைத்தார், ஓடைக்கு அப்பாலுள்ள குடியிருப்புகளுக்கு ஊர்க்கூட்ட அழைப்பைக் கொண்டுபோனார். மழைக்காலத்தில் அப்படி ஓர் அழைப்போடு போனபோதுதான் மலைச்சரிவு இறங்கி அவரை மூடியது. மண்ணை அகற்றியபோதும் கோல் கையிலேயே இருந்தது.

பெட்டியைச் சுற்றி ஊர் நின்றது. தூபப் புகை தரையோடு தவழ்ந்தது. ஊர்த்தலைவர் எலியோதோரோ தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேசினார்.

"அடக்கத்துக்கு முன்னாடி ஒண்ணு முடிவாகணும். செத்தவன் தோபிலா, இல்லையா? பேரு அண்ணனோடது. ஒழைப்பு தம்பியோடது. ஒரு பணிய ரெண்டு பேருக்குக் கணக்கு வைக்க முடியாது."

எல்லாருக்கும் விளங்கியது. பணி அரிஸ்தேயோவினுடையதாயின் அவர் கடன் தீர்ந்தது; சிரேனியோவோ பணியே செய்யாதவர். வாத்தியமின்றிக் கீழ்வரிசையில் அடங்குவார். கோல் பிடித்ததும் அவர் உழத் தொடங்கிய பொதுநிலம் மனைவி தெல்ஃபீனாவை விட்டு ஊருக்குத் திரும்பும். சிரேனியோவினுடையதாயின், அண்ணனுக்கு இனித் தவணை கிடையாது. இன்றே வேறு கோல் வெட்டப்படும். இன்றே அவர் அதைப் பிடித்தாக வேண்டும். பிடிக்காதவனுக்கு ஊரில் பெயரில்லை.

வடக்கு நகர அணியின் மேலாளர் வழியிலேயே தொலைபேசியில் பேசியிருந்தார். "அடக்கம் முடிஞ்சதும் கெளம்பி வந்துடுங்க. மொத ஆட்டத்துக்கு டிக்கெட்டெல்லாம் வித்தாச்சு. உங்களுக்கு வழியனுப்பு விழா வேற." அந்தக் குரல் இன்னும் அரிஸ்தேயோவின் காதில் இருந்தது. ஆடத் தெரிந்த நாள்முதல் அவர் வேறு எதற்கும் ஆயத்தமானதில்லை. ஒரே ஒரு பருவம் போதும் என்று முழங்காலிடம்கூடக் கெஞ்சியிருந்தார்.

"அவன் நம்ம ஊர்ப் பேர நாடு முழுக்கக் கொண்டுபோனவன்," என்றார் ஒருவர். "அவனுக்கே கணக்கு வச்சிடுங்க. செத்தவனுக்குக் கோபம் வரவா போகுது?"

"டிவில பந்து எங்க போகும்னு அவனுக்கு மட்டும்தான் தெரியும்," என்றான் புல்ஹென்சியோ. "அவன் வேலை எங்க போச்சுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். இதோ, பெட்டிக்குள்ள இருக்கு."

கூட்டம் அவனை அடக்கவில்லை. தலைவர், இருவருக்கும் தாயான செனாய்தாவின் பக்கம் திரும்பினார். அவர் மேலாடையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"ரெண்டு பேரையும் பெத்தவ நான். என்னைக் கேக்காதீங்க."

தெல்ஃபீனாவைக் கேட்டார்கள். அவர் தன் நிலத்துக்காக வாதாடுவார் என்றே எல்லாரும் எதிர்பார்த்தனர். அவர் அரிஸ்தேயோவைப் பார்த்துச் சொன்னார்:

"பொய் சொல்லமாட்டேன் அத்தான். அவரு ஒரு நாளும் 'என் கோல்'னு சொன்னதில்ல. ராத்திரி கதவோரமா சாத்தி வைக்கும்போதுகூட, 'அண்ணன் கோல், புள்ளைங்க தொடாம பாத்துக்கோ'ன்னுதான் சொல்லுவாரு."

அரிஸ்தேயோவுக்கு வழி திறந்துவிட்டது. இறந்தவரின் வாய்மொழியே அவருக்குச் சான்று. "ஆம்" என்றால் போதும். மாலை வண்டியைப் பிடிக்கலாம். அவர் பெட்டியருகே சென்று கோலின் பிடியைத் தொட்டுப் பார்த்தார். மரத்தின் கருமை அந்த இடத்தில் மட்டும் தேய்ந்து வெளுத்து, ஒரு கைக்கு ஏற்ற பள்ளம் விழுந்திருந்தது. அதில் தம் விரல்களை வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. சிரேனியோவின் கை பெரியது.

அவர் நிமிர்ந்தார்.

"புல்ஹென்சியோ, நீ எங்கூட ஆடினவன். உன்னையே கேக்கறேன். நான் பந்தைக் குடுக்கறேன். நீ அதை வாங்கிக் கூடையில போடறே. புள்ளி யாருக்கு?"

 புல்ஹென்சியோ தரையைப் பார்த்தான். "போட்டவனுக்கு," என்றான்.

"குடுத்தவனுக்கு?"

"குடுத்தான்னு சொல்லுவாங்க. புள்ளி கெடையாது."

"நான் குடுத்தேன். என் தம்பி போட்டான்," என்றார் அரிஸ்தேயோ. "இத்தனை வருஷமா அடுத்தவன் போட்ட புள்ளிய நான் என் பேருல எழுதச் சொன்னதில்ல. இவன்கிட்டயா ஆரம்பிக்கப் போறேன்? 'அண்ணன் கோல்'னு அவன் சொன்னது அவனோட பெருந்தன்மை. அத சாட்சியா எடுத்துக்காதீங்க."

பிறகு, தலைவருக்கு மட்டுமே கேட்கும் அளவுக்குத் தாழ்ந்த குரலில், "எனக்கு ஒண்ணு வெட்டச் சொல்லுங்க," என்றார்.

வாத்தியக்காரர்கள் ஆணைக்குக் காத்திருக்கவில்லை. முதலில் பெருமுழவு, அடுத்து ஊதுகொம்புகள். கோலைப் பெட்டிக்குள் தம்பியின் வலப்பக்கம் வைத்து மூடினார்கள். சிரேனியோ கண்ணாடிப் பலகையின் அடியைக் கடந்து மேல்வரிசைக்குப் போனார்.

வடக்கு நகரம் சினந்தது. ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார் என்று செய்தித்தாள்கள் எழுதின. வழியனுப்பு விழா நடக்கவில்லை. சில மாதங்களில் வேறொருவர் அவருடைய எண்ணை அணிந்து ஆடினார். அரிஸ்தேயோ எவருக்கும் விளக்கம் அளித்தாரில்லை. விடியலில் மணி அடித்தார். சந்தை முடிந்ததும் திடலைப் பெருக்கினார். சரிந்த சரிவில் ஊரார் கூடி வெட்டிய புதுப்பாதை வழியே, வலிக்கும் முழங்காலோடு, ஓடைக்கு அப்பால் அழைப்புகளைக் கொண்டுபோனார்.

அவ்வாண்டுத் திருவிழாவில் இறுதி ஆட்டம் பக்கத்து ஊர்க்காரர்களோடு. யத்தோனியின் அணியை நடத்தியவன் புல்ஹென்சியோ. பணியிலிருக்கும் தோபில் ஆடலாகாது. திடலின் மூலையில் கோலூன்றிக் கூட்டத்தைக் காப்பதே அவன் வேலை. ஆட்டம் முடியும் தறுவாயில் யத்தோனி சிறிதே பின்தங்கியிருந்தது. கூட்டத்தில் ஒரு மூலையில் தொடங்கிய அரிஸ்தேயோவின் பெயர் திடலெங்கும் பரவியது. பக்கத்து ஊர்க்காரர்களே, "வரட்டும்யா, பாத்துட்டுப் போறோம்," என்றார்கள்.

தலைவர் எலியோதோரோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். காணாததுபோல் இருந்துவிடுகிறேன் என்பது அதன் பொருள். புல்ஹென்சியோ மூலைக்கு ஓடிவந்தான். வியர்வை வழியும் முகத்தில் கேலி சிறிதும் இல்லை.

"ரெண்டே நிமிஷம்டா. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க." கையை நீட்டினான். "குடு. கோலை நான் பிடிச்சுக்கறேன்."

 அரிஸ்தேயோ அவனை நோக்கினார், அவ்வளவே. தான் சொன்ன சொல் புல்ஹென்சியோவின் காதுக்கே அப்போதுதான் எட்டியது. நீட்டிய கை காற்றில் சற்றே நின்று, இறங்கியது. "சரி," என்று முனகிவிட்டுத் திரும்பிப் போனான்.

யத்தோனி தோற்றது. பரிசுக் காளை பக்கத்து ஊருக்கு நடந்தது. கூட்டம் கலைந்தபின் அரிஸ்தேயோ வலக்கையில் கோலும் இடக்கையில் துடைப்பமுமாகச் சோளத் தோகைகளையும் வெடித்தாள்களையும் பெருக்கத் தொடங்கினார். நடுவட்டத்தை மட்டும் இருமுறை பெருக்கினார்.