முதலாளி வீட்டு பேட்டரி காரும் ஒரு ஃபியூஸ் கட்டையும்

1. நான்கு விரல்

முதலாளி செய்த பேட்டரி கார் முதலாளி வீட்டு கேட்டுக்குள் நுழையவில்லை. நான்கு விரல் அகலம் கூடிவிட்டது. ஃபேக்டரியில் மயிரிழை வித்தியாசம் வந்தாலும் பீஸைத் தூக்கி ரிஜெக்ட் பெட்டியில் வீசுகிற மனிதர், சொந்த வீட்டு கேட்டை அளக்க மறந்துவிட்டார்.

எழுபதுகளில் பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறிய சமயம் அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நான் மெயின்டெனன்ஸ் எலக்ட்ரீஷியன், பெயர் ஏழுமலை. மில்களில் சரக்கு இழுக்கும் பேட்டரி ட்ரக்குகளைச் செய்வதும் ரிப்பேர் பார்ப்பதும் எங்கள் தொழில். விலை ஏற ஏற முதலாளிக்கு யோசனையும் ஏறியது. ஒரு ட்ரக் சேஸிஸ் மேல் தகரத்தில் கூடு கட்டி, நான்கு பேர் உட்கார சீட் போட்டு, அதற்குக் கார் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். நாங்கள் டப்பா என்றோம், அவர் காது படாத இடத்தில்.

வீடு கரையான்சாவடியில். கேட்டின் வலது தூணில் முதலாளியின் பெயரும் பட்டங்களும் வெட்டிய பளிங்குக் கல் பதித்திருந்தது. தூணை இடித்தால் கார் உள்ளே போய்விடும். ஆனால் பட்டங்கள் எங்கே போகும்? ஆகவே கார் தெருவில் நின்றது. கரண்டுதான் வீட்டை விட்டு வெளியே வர வேண்டியதாயிற்று.

2. வீடு என்ன ஃபேக்டரியா

எங்கள் ஃபேக்டரியில் திரும்பிய பக்கமெல்லாம் பாதுகாப்பு போர்டுதான். கக்கூஸுக்குப் போகும் வழியில்கூட ஒன்று உண்டு. தரையில் வயர் கிடந்தால் மெமோ. டேப் சுற்றிய ஜாயின்ட் கண்ணில் பட்டால் மெமோ. வெல்டர் மாணிக்கம் அப்படி ஒரு ஜாயின்ட்டுக்கு மெமோ வாங்கி, ஷிஃப்ட் ஆட்கள் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துப் பேச்சும் வாங்கினான். அந்த விஷயத்தில் முதலாளி பேசியதெல்லாம் சரி என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. என் கதையே அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வரச் சொல்லியிருந்தார். நான் குடியிருந்த பருத்திப்பட்டிலிருந்து சைக்கிள் மிதித்துப் போய்ச் சேர்ந்தேன். வராந்தாவில் இருந்த டேபிள் ஃபேன் பிளக்கிலிருந்து ஒரு வயர் கிளம்பி, படியில் இறங்கி, வாசலைத் தாண்டி, கேட்டுக்கு அடியில் நுழைந்து, தெருவில் கார் பக்கத்தில் இருந்த சார்ஜருக்குப் போயிற்று. கிரைண்டர் வயர் ஒரு துண்டு, கல்யாணத்தில் மிஞ்சிய சீரியல் செட் வயர் ஒரு துண்டு, பழைய ரேடியோ வயர் ஒரு துண்டு. மூன்றையும் முறுக்கி டேப் சுற்றியிருந்தார். எர்த் என்ற ஒன்றே இல்லை. வேண்டியதற்கு மேல் இருந்த வயரை வட்டமாகச் சுருட்டி, கண்ணுக்கு லட்சணமாக இருக்கட்டும் என்று கால்மிதிக்கு அடியில் வைத்திருந்தார். சுருட்டி வைத்த வயரில் லோடு போனால் சூடாகும். அந்தக் கதகதப்பில் தெரு நாய் ஒன்று கால்மிதி மேல் படுத்துச் சுகமாகத் தூங்கியது. அந்த ஏற்பாட்டால் பயன் அடைந்த ஒரே ஜீவன் அதுதான்.

நான் முதலில் மெயின் போர்டுக்குப் போய் வராந்தா லைனின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பீங்கான் கட்டை, உள்ளங்கை அளவு. ஃபியூஸ் வயர் இருக்க வேண்டிய இடத்தில் நாலு காப்பர் இழையை முறுக்கி மாட்டியிருந்தார். வீடே எரிந்தாலும் அது உருகாது.

முதலாளியின் மனைவி ராஜலட்சுமி அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். "அத எதுக்குப்பா பைல போட்டுக்கிற? அங்கயே வெச்சா ஆகாதா?" என்று கேட்டார்.

"லைன்ல கை வெக்கிறவன் கட்டைய கூடவே வெச்சுக்கணும்மா. கீழ வெச்சா, யாராவது நல்ல எண்ணத்துல எடுத்து மாட்டிடுவாங்க."

வாசலில் துடைப்பத்தோடு நின்ற கன்னியம்மா சிரித்தாள். அந்த வீட்டில் வேலை செய்பவள். விடியும் முன்பே வந்து, பெருக்கி, வாசல் தெளித்து, கோலம் போட்டு விட்டுத்தான் மற்ற வேலையைத் தொடுவாள். "அப்ப உன் உசுரு உன் ஜோபியில கீதுன்னு சொல்லு நைனா," என்றாள்.

நான் முதலாளியிடம் சொன்னேன். மெயினிலிருந்து தனி லைன், தனி ஃபியூஸ், எர்த் பைப், பதினைந்து ஆம்பியர் மூணு பின் பிளக், ஜாயின்ட் இல்லாத த்ரீ கோர் கேபிள். அது தரையில் கிடக்கக் கூடாது, சுருட்டியும் வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், பிளக் காரைத் தேடிப் போகக் கூடாது, கார்தான் பிளக்கைத் தேடி வரவேண்டும்.

"வீடு என்ன ஃபேக்டரியாய்யா?" என்றார் முதலாளி. "ராத்திரி போட்டு காலையில எடுக்கப் போறோம். நடுவுல யாரு தொடறா?"

"ஜாயின்ட்டு இருக்கே சார். மாணிக்கத்துக்கு மெமோ குடுத்தீங்க."

"அவன் போட்ட ஜாயின்ட்டும் நான் போட்ட ஜாயின்ட்டும் ஒண்ணா?"

கரண்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்று வாய் வரை வந்தது. ஜாயின்ட்டைப் பிரித்துப் போட்டு, சுருளையும் பிரித்து வைத்துவிட்டு வந்தேன். நான் தெருமுனை திரும்பும் முன்பே அவர் மறுபடி முறுக்கிவிட்டார் என்று பிறகு கன்னியம்மா சொன்னாள்.

3. வாயு

அடுத்த ஞாயிறு போனபோது அவள் எனக்காகத் தெருவிலேயே காத்திருந்தாள்.

"அண்ணாத்தே, வாசல் தெளிச்சிகினே வரேன், காலு சுர்ருன்னு இழுக்குது. கேட்டாண்ட வந்தா முட்டி வரிக்கும் ஏறுது. நேத்து வாளிய போட்டுட்டு ஓடியாந்துட்டேன்."

விஷயம் இவ்வளவுதான். ராத்திரி போட்ட சார்ஜ் காலை ஏழு வரை ஓட வேண்டும். அவள் தெளிப்பது அதற்கு முன்பு. தண்ணீர் ஜாயின்ட்டை நனைக்கும், கரண்டு ஈர மண்ணில் இறங்கும், அதன் மேல் வெறுங்காலோடு அவள் நிற்பாள். அன்றுவரை அது இழுத்ததோடு விட்டது. மழை பெய்து மண் ஊறியிருந்தாலோ, அவள் கை அந்த ஜாயின்ட்டில் பட்டிருந்தாலோ ஆளை விட்டிருக்காது.

முதலாளியிடம் அவளையும் அழைத்துக்கொண்டு போனேன். அவர் பேப்பரை மடிக்காமலே கேட்டார்.

"வெறும் வயித்துல குனிஞ்சு குனிஞ்சு வேலை செஞ்சா வாயு பிடிக்கும். இஞ்சி தட்டிக் குடி."

"வாயு இன்னா கேட்டாண்ட மட்டுமா புடிக்கும்? தோட்டத்துல தெளிக்கிறேன், புடிக்கலியே," என்றாள் கன்னியம்மா.

"எதிர்த்துப் பேசாத. வேணும்னா செருப்பு போட்டுக்கிட்டுத் தெளி."

வாசல் தெளிக்கிறவள் செருப்புப் போட்டுக்கொண்டு தெளிக்க வேண்டும் என்று சொன்ன முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டேன். கையில் இருந்தால் நல்லதில்லை என்று தோன்றியது. கன்னியம்மா துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள்.

"உசுரு இருந்தாதான்யா உன் ஊட்டு வேலை. எனக்கு ரெண்டு புள்ளைங்க கீது. நான் நின்னுக்கிறேன்."

அவளுக்கு வேலைக்குப் போக வேறு வீடு கிடையாது. அந்த வேலையை வைத்துத்தான் அடுப்பு எரிந்தது. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும், பேப்பருக்குப் பின்னால் இருந்தவர் உட்பட.

4. தைலம்

கன்னியம்மா நின்றுவிட்டாள் என்பதற்காக வாசலைத் தெளிக்காமல் விட முடியுமா? ராஜலட்சுமி அம்மாவே வாளியை எடுத்தார். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் கேட்டருகே போனவர் வாளியோடு உட்கார்ந்துவிட்டார்.

முதலாளி ஓடிவந்து தூக்கியிருக்கிறார். "வயசாகுது இல்ல, கால்ல தைலம் தேய்ச்சுக்கோ," என்றும் சொல்லியிருக்கிறார். ராஜலட்சுமி அம்மா தைலத்தைத் தொடவே இல்லையாம். முப்பது வருஷம் குடித்தனம் செய்த மனிதருக்கு அதன் அர்த்தம் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

அன்று முதலாளி சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்ததும், அந்த அம்மா போர்டுக்குப் போய் நான் பிடுங்கிய அதே கட்டையைப் பிடுங்கினார். சாவிக்கொத்தோடு இடுப்பில் செருகிக்கொண்டார். காலையில் நிம்மதியாக வாசல் தெளித்துக் கோலம் போட்டார். கட்டையைத் திரும்ப மாட்டவில்லை.

பொழுது விடிந்துவிட்டதால், வராந்தா விளக்கு எரியாது என்பது முதலாளிக்குத் தெரியவில்லை. காரில் சார்ஜ் காட்டும் மீட்டர் முள் படுத்துக் கிடந்தது. முள் ரிப்பேர் என்று முடிவு செய்துவிட்டார். அன்று வெளியூர் மில்காரர்கள் காரைப் பார்க்க ஃபேக்டரிக்கு வருவதாக இருந்தது. அவசரமாகக் கிளம்பினார்.

முந்தின நாள் மிச்சத்தில் பருத்திப்பட்டு ஏரி வரை வண்டி வந்தது. பிறகு நின்றது. ஷிஃப்ட்டுக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த நாங்கள் முதலாளியைப் பார்த்து இறங்கினோம். சைக்கிள்களை ஒருவன் பொறுப்பில் விட்டுவிட்டு டப்பாவைத் தள்ளினோம். பேட்டரியின் கனம் அன்றைக்குத்தான் தெரிந்தது. மாணிக்கம் என் பக்கத்தில் தள்ளிக்கொண்டே, முன்னால் ஸ்டியரிங் பிடித்திருந்தவரிடம் மிகவும் மரியாதையாகக் கேட்டான்.

"சார், லேட்டாயிடுமே. மெமோ வருமா?"

முதலாளி திரும்பவில்லை. பின்கழுத்து மட்டும் சிவந்தது.

5. கட்டை கைமாறியது

சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். போர்டைப் பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. ராஜலட்சுமி அம்மா இடுப்பிலிருந்து கட்டையை எடுத்துக் காட்டினார். கொடுக்கவில்லை.

"ராஜி, விளையாடற நேரமா இது? இன்னைக்கு எனக்கு எவ்வளவு அவமானம் தெரியுமா?"

"உங்களுக்கு அவமானம். அவளுக்கு உசுரு. நேத்து எனக்கும் உசுரு. ஏழுமலை சொன்னானே, லைன்ல இருக்கிறவங்கதான் கட்டைய வெச்சுக்கணும்னு. வாசல்ல இருக்கிறது நாங்கதானே?"

"இப்ப என்னதான் செய்யணும்ங்கற?"

"தூணை இடிங்க. வண்டி உள்ள வரட்டும். அவன் சொன்ன மாதிரி லைன் போடுங்க. கன்னியம்மாவ நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கூரையில் பார்க்க ஒன்றுமில்லை.

தூண் அந்த வாரமே விழுந்தது. பளிங்குக் கல் பட்டங்களோடு கிணற்றடிக்குப் போய்ச் சேர்ந்தது, பிறகு அதன் மேல் துணி துவைத்தார்கள். நான் கரியும் உப்பும் போட்டு எர்த் பைப் இறக்கினேன். சுவர் ஓரமாகத் தனி லைன் இழுத்து, தனி ஃபியூஸ் வைத்து, சரியான கம்பியைக் கட்டினேன். கார் பின்பக்கமாக உள்ளே வந்து சுவரை ஒட்டி நின்றது. கேபிள் ஒரே துண்டு, ஆளுயரத்தில் கொக்கியில் தொங்கியது. மழைச்சாரல் படாத இடம். நாய்தான் வேறு படுக்கை தேடிப் போனது.

கன்னியம்மா வீட்டுக்கு முதலாளியோடு நானும் போயிருந்தேன். அவர் எல்லாம் சரிபண்ணிவிட்டதாக விளக்கினார். எர்த்திங் பற்றி, லீக்கேஜ் பற்றி, இங்கிலீஷும் தமிழுமாக அருமையாகச் சொன்னார். ஃபேக்டரியில் சொல்வது போலவே சொன்னார். அவள் முழுக்கக் கேட்டாள்.

"அத்தெல்லாம் எனக்கு இன்னாத்துக்குய்யா? முன்னயும் ஒண்ணுமில்லன்னுதானே சொன்னே? நான் வாசல் தெளிக்க சொல்லோ கட்டைய என் கைல குடு. வரேன்."

நான் செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை. கட்டையைப் பிடுங்க வேண்டிய தேவையே இல்லை. இருந்தாலும் நான் வாயைத் திறக்கவில்லை. அவள் கேட்டது நியாயம்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுவே வழக்கமாயிற்று. விடியலில் கன்னியம்மா கேட்டைத் திறப்பாள். முதலாளி தூக்கக் கலக்கத்தோடு வந்து கட்டையைப் பிடுங்கி அவள் கையில் கொடுப்பார். அவள் இடுப்பில் செருகிக்கொண்டு, பெருக்கி, தெளித்து, அவசரமில்லாமல் கோலம் போட்டு, கை கழுவித் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். முடியும் வரை அவர் வராந்தாவில் நிற்பார். விசேஷ நாளில் கோலம் பெரிதாக இருக்கும்.

6. இப்போது

டப்பா அதிக நாள் ஓடவில்லை. பெட்ரோல் விலை பழகிவிட்டது, முதலாளியும் பழைய காருக்கே திரும்பினார். நான் ரிட்டயர் ஆகியும் காலம் ஓடிவிட்டது.

இப்போது எங்கள் தெருவில் நிஜமான எலக்ட்ரிக் கார் வந்திருக்கிறது. எங்கள் கட்டிடத்து மாடி வீட்டுப் பையனுடையது, கம்ப்யூட்டர் வேலை செய்கிறவன். பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரைத் தொங்கவிட்டு, மிச்சத்தைச் சுருட்டிச் செடித் தொட்டிக்குப் பின்னால் வைத்து, பிளக் சேரும் இடத்தைப் பிளாஸ்டிக் பையால் கட்டியிருக்கிறான். அந்த இணைப்பு பையோடு வாசல் தரையில் கிடக்கிறது.

"நல்ல கம்பெனி வயர் அங்கிள். நைட்டு மட்டும்தான் போடறேன்," என்றான்.

ஆம்பியர், எர்த், சுருள் எல்லாவற்றையும் அவனுக்குச் சொன்னேன். தலையாட்டினான். இவ்வளவு காலத்தில் நான் கற்றது ஒன்று உண்டு. தலையாட்டுகிறவர்களுக்கு எல்லாம் தெரியும். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

"காலையில இங்க தண்ணி ஊத்துறது யாரு?" என்று கேட்டேன்.

"வேலைக்கு வர அக்கா. ஏன் அங்கிள்?"

மறுநாள் விடியலில் இறங்கிப் போனேன். அந்தப் பெண் வாளியோடு வந்துகொண்டிருந்தாள். மாடிப்படி அடியில் இருந்த போர்டைத் திறந்தேன். உள்ளே எல்லாம் புது மாதிரி ஸ்விட்ச், பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ள கட்டை கிடையாது. அந்தப் பையன் லைனின் ஸ்விட்சை இறக்கிவிட்டு, யாரும் நல்ல எண்ணத்தில் ஏற்றிவிடாமல் இருக்க, அவள் தெளித்து முடிக்கும் வரை அதன் மேல் கை வைத்தபடி அங்கேயே நின்றேன்.