அரப்புப் பாக்கெட்டில் இருக்கும் கொண்டை

ஆபீஸ் என்றால் எனக்குத் தெரிந்தது லாரி ஆபீசும் தாலுகா ஆபீசும்தான். ஒன்றில் தலைக்குத் தேய்த்துக் குளிக்கும் அரப்புத்தூள் மூட்டையைப் போட்டுவிட்டு ரசீது வாங்குவேன், இன்னொன்றில் கால் கடுக்க நிற்பேன். மார்க் என்றால் கொண்டை மார்க். சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் அப்படிக் கேட்டுத்தான் எங்கள் அரப்பை வாங்குவார்கள். இரண்டும் சேர்ந்து, டிரேட் மார்க் ஆபீஸ் என்று ஒரே கடிதத்தில் வந்தபோது ஒன்றும் புரியாமல் ஆடிட்டருக்கு அனுப்பிவிட்டேன்.

ஆடிட்டர் போனில் படித்துச் சொன்னார். "பயப்படாதீங்க. கொண்டைப் படத்தை யாரு வரைஞ்சது, எப்ப இருந்து போடறீங்கன்னு கேக்கறாங்க. முப்பது நாளுக்குள்ள சத்தியம் பண்ணி அபிடவிட் எழுதிக் குடுக்கோணும்." பயப்படாதே என்று ஒருத்தர் சொன்ன பிறகுதானே பயமே வருகிறது.

மகள் விட்டுப்போன அகராதியைப் புரட்டினேன். ஆபீஸுக்கு, வேலை பார்க்கும் இடம் என்பதோடு ஒருவர் ஏற்ற பொறுப்பு என்றும் போட்டிருந்தது. சரி, இருக்கட்டும். டிரேட் மார்க்குக்கு, சரக்கு இன்னாருடையது என்று காட்டும் குறி என்று இருந்தது. அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

கல்யாணமாகி வந்த புதிதில் நானும் கொழுந்தனார் சம்சாரமும் ஒரே வீட்டில்தான் அரப்பு இலையைக் காயவைத்து அரைத்தோம். ஒருநாள் தலைக்குக் குளித்துக் கூந்தலைக் கொண்டையாக முடிந்துகொண்டு தூள் சலித்துக்கொண்டிருந்தேன். அவள் பின்னால் உட்கார்ந்து பென்சிலால் என் கொண்டையை வரைந்துவிட்டாள். "அக்கா, இதையே பாக்கெட்டுல போட்டுரலாமுங்க" என்றாள். போட்டோம்.

பிறகு பாகம் பிரித்தார்கள். எங்கள் பக்கம் பாகம் என்றால் லேசுப்பட்ட காரியமில்லை. கிணற்றுத் தண்ணீருக்கு யாருக்கு எந்தக் கிழமை முறை, எந்தத் தென்னை யாருக்கு என்று எல்லாவற்றையும் எழுதுவார்கள். ஆட்டுக்கல்கூடப் பத்திரத்தில் உண்டு. கொண்டையை ஒருத்தரும் எழுதவில்லை, யாருக்குத் தோன்றும்? அவள் வீட்டில் அவள் அரைத்தாள், என் வீட்டில் நான் அரைத்தேன். இரண்டு பாக்கெட்டிலும் அதே படம். அவள் ஆத்தூர்ப் பக்கம் விற்றாள், நான் சேலத்தில் விற்றேன். ஒரு சொல் தடித்ததில்லை.

போன வருஷம் வெளியூர்க்காரர் ஒருத்தர் அதே மாதிரிக் கொண்டை போட்டு விற்கிறார் என்று கடைக்காரர் சொன்னார். பதறியடித்து ஆடிட்டரிடம் ஓடினேன். "சீக்கிரம் பதிஞ்சுக்குங்க, அவரு முந்திக்கிட்டா வம்பு" என்றார். என் பேரில் மட்டும் மனுப் போட்டேன். அப்புறம் அவளிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தது பாதி உண்மை. கூட்டுப் பேர் எதற்கு என்றும் ஒரு நினைப்பு இருந்தது. அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இப்போது ஆடிட்டர் அனுப்பிய அபிடவிட்டில், இந்தப் படத்தை நானே வரைந்தேன், வேறு யாருக்கும் இதில் உரிமை இல்லை என்று இருந்தது. கையெழுத்துப் போட்டால் அவள் தன் பாக்கெட்டை நிறுத்த வேண்டியதுதான். போடாமல் விட்டு அந்த ஆள் முந்திக்கொண்டால் எங்கள் இரண்டு பேர் பிழைப்பும் போச்சு. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வீட்டுக்குள்ளேயே பயம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அவளோ என்று திடுக்கிடுவேன்.

ஐந்து நாள் மிச்சம் இருக்கும்போது அவளே வந்தாள், சல்லடை கேட்டு. காகிதத்தை மறைக்கப்போய்க் கீழே போட்டேன். அவள் எடுத்துப் படித்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

திட்டியிருந்தால் தேவலை. "கொண்டை உங்களுதுதானுங்களே அக்கா, எழுதிக்குங்க" என்றாள். சல்லடையோடு வாசல்வரை போனவள் திரும்பினாள். "என்ன, எனக்கு வேற படம் வரையத் தெரியாதுங்க. அது ஒண்ணுதான் வரைஞ்சேன்."

அவள் தெருமுனை தாண்டுவதற்குள் ஆடிட்டருக்குப் போன் போட்டேன். இரண்டு பேர் பேரிலும் போடுங்கள், வரைந்தது அவள் என்று எழுதுங்கள் என்றேன்.

"அப்ப இந்த மனுவை விட்டுட்டு மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணுங்க. நடுவுல அந்த ஆளு முந்திக்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

"தெரியலைங்க. ஆரம்பிங்க."

புது மனு போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. தினமும் காலையில் இலை காயப்போடும் முன்னால் அவள் போன் செய்கிறாள். "அக்கா, ஆபீஸ்ல இருந்து ஏதாச்சும் வந்துதுங்களா?"