அரத்தாளால் தேய்த்த டயர்

ஞாயிறு காலைகளில் கல்கிசையில் ஒரு தேநீர்க் கடைக்கு முன்னால் பதினைந்து மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். அவற்றின் சொந்தக்காரர்கள் எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். வங்கி, காப்புறுதி, கட்டடப் பொருள் வியாபாரம் என்று ஆளுக்கொரு வழியில் வயிறு வளர்த்தவர்கள். கையில் பிளேன்டீயோடு ஒருவர் வண்டிக்குப் பின்னால் மற்றவர் போய்க் குனிவார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பவனுக்குக்கூட இதைவிடக் கூச்சம் இருக்கும். இவர்கள் பார்ப்பது பின் டயரின் விளிம்பை.

வளைவில் வண்டியைச் சரித்து ஓடுகிறவனின் டயர் விளிம்புவரை தேயும். சரிக்கப் பயந்தவனின் டயரில் இரண்டு பக்கமும் தேயாத பட்டை ஒன்று புதுக் கறுப்பாய் மினுங்கிக்கொண்டிருக்கும். அதற்கு எங்கள் கூட்டம் வைத்த பெயர் பயக்கோடு. என்னுடையது இரண்டு விரலகலம்.

எங்கள் கூட்டம் என்றுதான் எழுதவேண்டும். இகழ்வதற்கு வசதியாகத் தள்ளி நின்றவன் அல்ல நான். அந்தப் பதினைந்தில் ஒன்று என்னுடையது. அந்த வயிறுகளிலும் ஒன்று.

கொழும்புக்கு வெளியே இருக்கும் பந்தய ஓடுபாதையை வருடத்தில் நான்கு நாள் வாடகைக்கு எடுத்து ஓடுவோம். மிச்ச நாட்களில் என் வண்டிக்கு ஒரே வேலை: காலையில் மனைவியைப் பின்னால் ஏற்றி வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய், அவள் படிப்பிக்கும் பள்ளிக்கூட வாசலில் இறக்குவது. பதினொரு வருடம். வெயில், மழை, கடல் காற்று, காலி வீதி பஸ்களின் கரும்புகை எல்லாவற்றுக்குள்ளாலும். ஆகவே டயர் தேய்ந்து புதிது போடும்போது கேள்வி எளியது. அந்த நான்கு நாளுக்குப் போடுவதா, அவள் பின்னால் இருக்கும் காலைகளுக்குப் போடுவதா? மடையனுக்கும் விடை தெரியும். நாங்கள் படித்தவர்கள், எங்களுக்குத் தெரியவில்லை.

கூட்டத்தில் தலைவர்போல நடந்துகொள்பவர் ஒரு பல் வைத்தியர். வாய்க்குள் பார்க்கும் அதே முகத்தோடு டயரைப் பார்ப்பார்.

"மச்சான், சொஃப்ட் டயர் போடு. ட்ராக்கில அந்த வேகத்தில பிடிக்கிறது ரோட்டில பிடிக்காதே? பெரிசுக்குக் காணுமெண்டால் சின்னனுக்குக் காணும்தானே."

எவ்வளவு வடிவான தர்க்கம். எவ்வளவு முழுமையான பொய். என்னைப்போலக் கவிதை எழுதுகிறவனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு: சொல் அழகாக இருந்தால் பொருளை விசாரிக்க மாட்டான். மென்மை, பிடிப்பு. இந்த இரண்டு சொற்களும் என்னை அப்படியே விழுங்கின.

கொட்டாஞ்சேனையில் நான் வழமையாகப் போகும் டயர் கடை முதலாளி மலையகத்தில் ஹட்டன் பக்கத்தவர். நான் கேட்ட சொஃப்ட் டயர் சோடியை எடுத்துவந்து மேசையில் வைத்தார், கையை அதிலிருந்து எடுக்கவில்லை.

"சார், இது சூடேறினாத்தான் ஒட்டும். ட்ராக்குல நாலு சுத்து அடிச்சீங்கன்னா ஏறிரும். இங்க எங்க ஏறும்? வெள்ளவத்தைல இருந்து வர்றதுக்குள்ள எத்தன சிக்னல்? மழை பேஞ்சா தண்ணியத் தள்ளிவிடப் பள்ளமும் இதுல பத்தாது. சூடில்லாத டயரும் ஈர ரோடும் சேந்தா சவர்க்காரம் மாதிரி வழுக்கும் சார். பின்னால மேடத்த வேற ஏத்திட்டு வர்றீங்க."

"எனக்குத் தெரியும். வண்டியில பூட்டுங்கோ," என்றேன்.

அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க ரப்பரைத் தொட்டவர். நான் ரப்பரைப் பற்றி வாட்ஸப்பில் வாசித்தவன். எனக்குத்தான் தெரியும்.

அடுத்த ஓடுபாதை நாள் வந்தது. உணவுப் பொதி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்யும் ஒருவரும் அன்று வந்திருந்தார். வண்டியின் பின் பெட்டியைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு, வீதியில் ஓடும் அதே சாதாரண டயரோடு பாதைக்குள் இறங்கினார். மூன்றாவது சுற்றில் உள் பக்கத்தால் என்னைக் கடந்தார். ஐந்தாவது சுற்றில் வெளிப் பக்கத்தால் கடந்தார். இறங்கிய பிறகு மரியாதையாக வந்து சொன்னார்:

"அண்ணே, டயர் சோக்கு. வளைவுக்குள்ள பிரேக்கை மட்டும் விடுங்கோவன், அதுவும் பாவம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பின் டயரைப் பார்த்தேன். பயக்கோடு இரண்டு விரலிலிருந்து ஒன்றரை விரலுக்கு இறங்கியிருந்தது. மறுநாள் ஞாயிறு. கல்கிசையில் குனிவார்கள்.

அன்று பின்னேரமே வீட்டுத் தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடத்தில் பலகையொன்றில் குந்தியிருந்து, தச்சர்கள் மரம் மினுக்கும் அரத்தாளை எடுத்து டயரின் விளிம்பைத் தேய்த்தேன். ஐம்பதை நெருங்கும் ஒருவன், மூன்று கவிதைத் தொகுப்புப் போட்டவன், தன் துணிச்சலைக் கையால் உற்பத்தி செய்துகொண்டிருந்தேன். கறுப்புத் தூள் நான் உடுத்திருந்த சாரத்தில் கொட்டியது. மனைவி கடைக்குப் போய்விட்டு மரக்கறிப் பையோடு வந்து பின்னால் நின்றாள்.

"என்னப்பா செய்யிறியள்?"

"புது டயரில மெழுகு மாதிரி ஒண்டு பூசியிருக்கும். வழுக்கும். அதை எடுக்கிறன்."

"எனக்காகவோ?"

"ஓம், வேற ஆருக்கு?"

அவளுடைய முகம் கொஞ்சம் மலர்ந்ததைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே தேய்த்தேன்.

மறுநாள் பல் வைத்தியர் குனிந்தார், நிமிர்ந்தார். "அட, இவன் சரிச்சிருக்கிறானடா!" என்றார். பிளேன்டீ அவ்வளவு இனிப்பாக அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மழை. பெருமழைகூட இல்லை, வீதியில் கிடந்த எண்ணெயைக் கிளப்பிவிடுவதற்கு மட்டும் போதுமான தூறல். கொட்டாஞ்சேனையில் பள்ளிக்கூடப் பக்கம் திரும்பும் சந்தியில், நடந்து போகிறவனின் வேகத்தில், பாதசாரிக் கடவையின் வெள்ளைப் பூச்சின் மேல் முன் சில்லு ஏறியது. அதற்குப் பிறகு எங்களுக்குக் கீழே சில்லு இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஈரத் தாரில் இருந்தோம். அவளுடைய சாப்பாட்டுப் பெட்டி உருண்டு ஒரு ஓட்டோவின் கீழே போனது. ஓட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "அய்யே, ரேஸ் த?" என்று சிங்களத்தில் கேட்டார். பந்தயமா என்று கேட்டது பஸ் தரிப்பில் நின்ற அத்தனை பேருக்கும் விளங்கியது.

அவளுக்கு முழங்கால் தோல் உரிந்திருந்தது, முழங்கை வீங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு கீறலும் இல்லை. அதற்காகவும் என்னை நானே மன்னிக்கவில்லை.

டயர் கடை பக்கத்தில்தான். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். முதலாளி கதிரை போட்டு அவளை இருத்தினார், பஞ்சும் மருந்தும் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு வண்டியைச் சுற்றி வந்து பின் சில்லுக்குப் பக்கத்தில் குந்தினார். விரலால் விளிம்பைத் தடவினார்.

"இதுக்கு யாரு சார் சாண்ட் பேப்பர் போட்டது?"

நான் வண்டிக் கண்ணாடியைத் திருப்பி நேராக்கினேன்.

"புது டயரில மெழுகு இருக்குமாமே, அதை எடுக்கத்தானே?" என்றாள் அவள்.

"மெழுகுன்னா டயரு முழுக்க இருக்கும் மேடம். அதுவும் ரெண்டு நாள் ஓட்டத்துல தானாப் போயிரும். இது..." என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். நல்ல மனிதர். ஆனால் நிறுத்தியதிலேயே எல்லாம் சொல்லியாகிவிட்டது.

அவள் பஞ்சை முழங்காலில் அழுத்தி எடுத்தாள்.

"அந்தப் பல் டொக்டருக்குக் காட்டவோ?"

"ஓம்."

"விழுந்தது பரவாயில்லையப்பா. மழையெண்டால் ஆரும் விழுவினம். அந்த ஆளின்ர கண்ணுக்குப் பயந்தளவுக்கு நீங்கள் என்ர முழங்காலுக்குப் பயப்பிடேல்ல. அதையும் எனக்காக எண்டு சொன்னியள்."

பிறகு என்னை விட்டுவிட்டு முதலாளியிடம் திரும்பினாள். "அண்ணை, மழைக்கு நல்லது எது?" அவர் ஆழமான பள்ளங்கள் வெட்டிய, எந்தக் கவர்ச்சியும் இல்லாத இரண்டு டயர்களைக் காட்டினார். "இதுதான் மேடம். குளிருலயும் பிடிக்கும், ஈரத்துலயும் பிடிக்கும். சாருக்கு ட்ராக் வேணும்னா அதுக்குத் தனியா ஒரு சோடி வச்சிக்கிட்டு, அன்னிக்கு மட்டும் மாத்திக்கச் சொல்லுங்க." பூட்டச் சொன்னாள். பூட்டும்வரை இருக்கவில்லை. நொண்டி நொண்டிப் பள்ளிக்கூடம் போனாள். அடுத்த நாள் பஸ்ஸில் போனாள், அதற்கடுத்த நாளும்.

ஞாயிறு நான் கல்கிசைக்குப் போனேன். பல் வைத்தியர் குனிந்தார்.

"என்ன மச்சான், பால்காரன் டயர்? மனிசி சொன்னவவோ?"

"ஓம். போன கிழமை நீர் பாத்து மெச்சின விளிம்பு இருக்குதே, அது நான் சாண்ட் பேப்பரால தேய்ச்சது."

வெடிச் சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. காப்புறுதிக்காரர் தன் வண்டியைக் கொஞ்சம் சுவர்ப் பக்கமாக உருட்டினார். இன்னொருவர் டயருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். பல் வைத்தியர் தேநீரை மிகக் கவனமாக ஊதினார், அது எப்போதோ ஆறியிருந்தது. பதினைந்து ஆண்கள், எத்தனை அரத்தாள்கள் என்று நினைத்தேன். இவர்களுடைய கண்ணுக்காகத்தான் நான் அவளை விழுத்தினேன்.

மூன்று கிழமை அவள் பஸ்ஸிலேயே போனாள். நான் தினமும் காலையில் வண்டியை எடுத்து வாசலில் நிறுத்தினேன், அவள் கடந்து போனாள். பிறகு ஒருநாள் விடிய முதலே மழை பிடித்துக்கொண்டது. காலி வீதியில் தண்ணீர் நின்றது. வந்த பஸ்களில் மிதிபலகைவரை ஆட்கள் தொங்கினார்கள், ஒன்றும் நிற்கவில்லை. தரிப்பிலிருந்து திரும்பி வந்தாள். மழைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினாள்.

முன்பெல்லாம் என் இடுப்பைச் சுற்றிக் கை போடுவாள். அன்று இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய் இருக்கைக்குப் பின்னுள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டாள். விழுந்த சந்தியில் வேகத்தைக் குறைத்தேன்.

"இன்னும் மெல்ல," என்றாள்.

இன்னும் மெல்லப் போனேன். பின்னால் ஒரு பஸ் விடாமல் கோர்ன் அடித்தது.