இஞ்சினியர் ஐயாவின் மூன்று நிமிடம்

நீர்வேலியிலிருந்து வாழைக்குலை கொண்டுவரும் வியாபாரி சைக்கிளை விட்டு இறங்கியதும், "உங்கடை இஞ்சினியர் ஐயா மோசம் போயிட்டார்" என்றார். அண்ணையைக் கூட்டிக்கொண்டு உடனே செத்தவீட்டுக்குப் புறப்பட்டேன். எங்கள் மீன்பிடிச் சங்கத்தில் அவரை அறிந்தவர்கள் இன்று திசைக்கொருவராக இருக்கிறீர்கள். உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கொழும்பு வீடு எரிந்தபின், மனைவியோடு அகதிக் கப்பலில் வந்து குருநகரில் எங்கள் ஒழுங்கை வீடொன்றில் வாடகைக்கு இருந்தவர் ரத்தினசபாபதி ஐயா. எந்த வானொலிக்கு எந்த அலைவரிசை என்று பங்கிடுவதும், வானத்தில் சுற்றும் அயல்நாட்டுச் செய்மதி எங்கள் அலைவரிசைக்கு இடைஞ்சல் என்றால் ஆட்சேபம் எழுதுவதும் கொழும்பில் அவருடைய வேலை. "வானத்திலையும் வேலிச் சண்டைதான். யாழ்ப்பாணத்தானுக்கு அது தண்ணி பட்ட பாடு" என்று சிரிப்பார்.

கரையிலிருந்து வள்ளங்களோடு கதைக்கும் சங்கத்து வானொலிச் செற்றை அப்போது நான்தான் இயக்கினேன். கடலில் நிற்கும் வள்ளங்கள் அதில் கறி புளி வரைக்கும் கதைக்கும். ஒருநாள் வந்து கேட்டுக்கொண்டிருந்த ஐயா சொன்னார்: "ஒவ்வொரு மணி தொடங்கேக்கையும் மூண்டு நிமிசம் ஒருத்தரும் கதைக்கப்படாது. ஆபத்திலை நிக்கிறவன்ரை குரல் அதுக்குள்ளைதான் கேக்கும். பெரிய கப்பலுகளிலை இது வழக்கம்."

"சோளகக் காத்தை நிப்பாட்டலாம் ஐயா, எங்கடை ஆக்களின்ரை வாயை நிப்பாட்டேலாது" என்றேன். அதில் முதல் ஆள் என் அண்ணை அருளப்புதான். ஆனாலும் ஐயா விடவில்லை. மெல்ல மெல்லப் பழக்கிவிட்டார்.

ஒரு ஞாயிறு பின்னேரம், அந்த அமைதிக்குள், கடலுக்குப் போயிருந்த அண்ணையின் குரல் வந்தது. "எஞ்சின் நிண்டிட்டுது..." அவ்வளவுதான். மிச்சத்தை ஒரே இரைச்சல் விழுங்கிவிட்டது. கடல் கொந்தளிப்பு வேறு. நேவிதான் குழப்புகிறது என்று எல்லோரும் கத்தினார்கள். நான் செற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஐயா கம்பி வளையம் பூட்டிய சின்ன வானொலியோடு வந்து, அதைத் திருப்பித் திருப்பி இரைச்சல் வரும் திசையைப் பார்த்தார். "கடல் பக்கமில்லை. ஒழுங்கைக்குள்ளையிருந்து வருது" என்றார். ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நின்று திருப்பிக்கொண்டு போனார். பின்னால் நாங்கள். கடைசியாக அவர் நின்றது தன்னுடைய படலையில்.

உள்ளே அரை ஒழுங்கைச் சனம் பாய் போட்டுத் தொலைக்காட்சியில் இந்தியப் படம் பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் அவர் மனைவி. கொழும்பை விட்டு வந்தபின் அந்த அம்மா சிரித்தது அந்தப் பெட்டிக்கு முன்னால்தான். அவவுக்காக, அக்கரைப் படம் தெளிவாக விழ, அன்ரனாவில் அலையைப் பெருக்கும் பூஸ்டர் செய்து பூட்டியவர் ஐயாவேதான்.

அந்தப் பூஸ்டரின் வயரைப் பிடுங்கினார். கையிலிருந்த வானொலியில் இரைச்சல் அடங்கியது. "செய்மதிக்காரனுக்கெல்லாம் ஆட்சேபம் எழுதினன். என்ரை கூரையை நான் பாக்கேல்லை" என்றார். இவ்வளவு படித்த மனுசன் ஊருக்கு முன்னால் அப்படிச் சொன்னதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஓடிப்போய்ச் செற்றைக் கேட்டேன். "தம்பி, கேக்குதோ? மண்டைதீவுக்கு வெளியாலை இழுபடுறம்." உடனே இரண்டு வள்ளங்கள் போய்க் கட்டி இழுத்துவந்தன. மறுநாள் அன்ரனாக் கம்பத்தையே கழற்றச் சொன்னவ அந்த அம்மா. "நான் படம் பாத்துச் சிரிக்க, அங்கை ஒரு பிள்ளை கத்திக்கொண்டெல்லோ இருந்திருக்கு" என்றா. பிறகு ஒழுங்கையில் மற்றவர்கள் தாங்களாகவே ஐயாவைக் கூப்பிட்டுத் தங்கள் பூஸ்டர்களைக் காட்டினார்கள்.

பிறகு போரில் கடலுக்குப் போகத் தடை வந்தது. செற் போனது. ஐயா நீர்வேலிக்குப் போனார். இப்போது செத்தவீட்டில் அந்த அம்மா அண்ணையின் கையைப் பிடித்து, "ஏதாலும் கதை மோனை, உன்ரை குரலைக் கேக்கவேணும்" என்றா. குருநகரிலேயே பெரிய வாய்க்காரரான அண்ணை அவவின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மூன்று நிமிடம். மணிக்கூடு அடித்தால் இன்றைக்கும் வாயை மூடிக்கொள்கிறேன். என்ன பிடித்ததோ இந்த மனுசனுக்கு என்று வீட்டில் பேச்சு விழும். விழட்டும். முற்றத்தில் அண்ணை யாரோடோ உரத்துக் கதைத்துக்கொண்டிருப்பது அப்போது எனக்கு நன்றாகக் கேட்கும்.