அரண்மனைக்குப் பின்னால் ஒரு கோயில்

எனக்கு யாரையும் சட்டென்று நம்பிவிடும் பழக்கம் கிடையாது. சும்மா தருகிறேன் என்று வருகிறவரை அறவே நம்பமாட்டேன். எங்கள் ரப்பர் தோட்டப் பள்ளியின் பெற்றோர் சங்கத் தலைவருக்கு லுக்குட் டவுனில் பேனர் அடிக்கும் கடை. "நாடகத்துக்கு எதுக்கு டீச்சர் இவ்ளோ கஷ்டம்? அரமன, தோட்டம் ரெண்டையும் நானே சும்மா அடிச்சுத் தரேன்லா" என்று அவர் சிரித்தபோதே எனக்கு ஏதோ நெருடியது.

பள்ளி மேடை சின்னது. விழா நாடகத்தின் இரண்டு காட்சிக்குத் தனித்தனியாக ஜோடிக்க இடமில்லை. அதனால் சக்கரம் வைத்த மூன்று பிளைவூட் தட்டிகள் செய்தேன். ஒரு பக்கம் அரண்மனைத் தூண்கள். மறுபக்கம் ரப்பர் மரங்கள். நடுத்தட்டியின் மறுபக்கத்தில் மட்டும் மரத்தடி முனியாண்டி, அரிவாளும் மீசையும் உருட்டும் கண்களுமாக. அரசன் தூங்கியதும் பிள்ளைகள் தட்டிகளைத் திருப்புவார்கள். கனவில் அவன் ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டப் போவான். பல வருடமாக என்னைத் தோரணம் வெட்டவைத்தே ஓட்டிய பள்ளியில், முதன்முதலாக என் கையால் ஒரு மேடை. அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

தினமும் மதியம் அரண்மனை வெளியே தெரியும்படி தட்டிகளைச் சுவரோரம் நிறுத்திவிட்டுப் போவேன். காலையில் வந்தால் நடுத்தட்டி மட்டும் திரும்பியிருக்கும். காவலுக்கு இருக்கும் ஜாகாவைக் கேட்டால் கூரையைப் பார்த்தார். கேன்டீன் அக்கா பேச்சை மாற்றினார். தலைவரோ, மகளை அழைத்துப்போக வரும் சாக்கில் மாலைதோறும் மண்டபத்தை எட்டிப் பார்த்தார். எல்லாரும் கூட்டு என்று முடிவு கட்டினேன்.

ஒத்திகையன்று திரை விலகியது. சிம்மாசனத்தில் அரசன், அவன் தலைக்கு மேல் முனியாண்டி முறைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலைமையாசிரியை சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா பேனரே போட்டுக்கலாம் டீச்சர்."

விழாவுக்கு முதல் நாள், வீட்டுக்குப் போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு மேடைத் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். எதிர்பார்த்தபடியே தலைவர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். சத்தம் கேட்காமலிருக்கத்தான் என்று நினைத்தேன். நடுத்தட்டியைத் திருப்பினார். கும்பிட்டார்.

"கையும் களவுமா மாட்டினீங்களா!" என்று பாய்ந்தேன்.

அவர் பதறவில்லை. "சாமிய செவுத்தப் பாத்து நிறுத்திட்டுப் போறீங்களே டீச்சர். மனசு கேக்கலலா. நேத்து ஜாகா திருப்புனாரு. அதுக்கு முன்ன கேன்டீன்காரம்மா."

"வாயத் திறந்து சொன்னா என்ன?"

"ஆசையா வரைஞ்சிருக்கீங்க. தப்புன்னு எப்படிச் சொல்றது?"

அதையும் நான் முழுதாக நம்பவில்லை. அவர் போனதும் பச்சைச் சாயத்தைக் குழைத்தேன். முனியாண்டியைப் புதராக்கிவிட்டால் தொல்லை விடும். தூரிகையை அந்தக் கண்கள் வரை கொண்டுபோனேன். கை வரவில்லை. என்மேலேயே எரிச்சலாக வந்தது. தட்டியைச் சுவரிலிருந்து இழுத்து, எந்தப் பக்கமும் சுவரைப் பார்க்காதபடி மேடை நடுவில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

விழாவன்று அரண்மனை சபையைப் பார்த்து நின்றது. ஆனாலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாதி நாடகத்தில் யாராவது பக்திமான் திருப்பிவிட்டால்? கண்காணிக்க மேடைக்குப் பின்னால் ஓடினேன்.

அங்கே முனியாண்டி, முறை வருவதற்காகக் காத்திருந்த பிள்ளைகளைப் பார்த்து நின்றார். படிக்கட்டோரம் வெள்ளைக் காலணிகள் வரிசையாக இருந்தன. ஒரு பிள்ளை காலிலும் காலணி இல்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. தலைவரும் வெறுங்காலோடு தட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார், அசையாமல்.

முன்பக்கம் அரசன் கொட்டாவி விட்டான். தலைவர் என் காலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், செருப்பு."

நான் வரைந்த சாமியின் முன்னால் நான் ஒருத்திதான் செருப்போடு நின்றிருந்தேன். கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, தட்டியின் மறுமுனையைப் பிடித்தேன்.