ஐயாக்கண்ணு உயிர் பிழைத்த காலை

மாரமங்கலத்தில் என் அக்கா புருஷன் ஐயாக்கண்ணுவைக் கண்டால் கும்பிட்டுவிட்டுப் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். சாமி பார்த்துப் பிழைக்க வைத்த ஆள் என்று பேர். கும்பிடு வாங்குகிற மனுஷன் முகத்தில் கொஞ்சமாவது களை வேண்டாமா? பேயறைந்த மாதிரி நிற்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

எழுபத்தேழு கார்த்திகையில் அடைமழை. நாலாம் நாள் விடிகிற நேரத்தில் மேட்டுச் சரிவு இறங்கி மச்சானுடைய வீட்டை மூடிவிட்டது. அக்கா ஆராயி பிரசவத்துக்காகப் பக்கத்து ஊரில் எங்கள் வீட்டில் இருந்தாள். காய்ச்சலோடு உள்ளே படுத்திருந்த மச்சானின் தம்பி சித்தன் செத்துப்போனான். ஈ எறும்புக்கும் கெடுதல் நினைக்காத பையன். மச்சான் ஓடைக்கு அப்பால் வாய்க்கால் பார்க்கப் போயிருந்ததாகச் சொன்னார். மலைச்சாமி சேர்வராயன்தான் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனான் என்று ஊர் முடிவு கட்டியது.

அதற்கப்புறம் மழை பிடித்தால் மச்சானுக்குத் தூக்கம் கிடையாது. மண்ணுக்குள் சித்தன் இருமுகிறான் என்பார். வீட்டை வேறு இடத்தில் கட்டியும் இருமல் கூடவே வந்தது. சோற்றில் கை வைத்தபடி நிறுத்தி, காதைத் தீட்டிக்கொண்டு வாசலைப் பார்ப்பார். அக்காவுக்கும் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

வைகாசித் திருவிழா வந்தால் சேர்வராயன் குகைக் கோயில் வரை செருப்பில்லாமல் நடப்பார். மொட்டை போடுவார். நல்ல மிளகு, நல்ல சாமை எல்லாம் மூட்டையாகத் தலையில் ஏறும். வருஷா வருஷம் மூட்டை பெருத்தது.

"இத்தனை வேண்டுதலுங்களா மச்சான்? சாமிக்கே சலிச்சுப் போயிருமுங்க" என்று ஒரு தடவை கேலி பண்ணினேன்.

"நான் வேண்டவே இல்ல மாப்ளே. வேண்டியிருந்தா ஒருக்காச் செலுத்திட்டு நிம்மதியா இருப்பேன். கேக்காமக் குடுத்ததுக்கு எவ்வளவு செலுத்தறது?"

பேச்சை மாற்றிவிட்டேன்.

எண்பத்தெட்டில் ஊர்க் கூட்டம் போட்டு, அந்த வருஷத் திருவிழாவில் பூசைக் கூடையை ஐயாக்கண்ணுதான் முன்னால் சுமக்க வேண்டும் என்றார்கள். பெரிய மரியாதை. மச்சான் வெளிறிப்போய் எழுந்தார். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டி வெள்ளையம்மாள் வீட்டுக்கு நடந்தார். புருஷன் போன பிறகு தனியாகக் காப்பித் தோட்டம் பார்க்கிறவர் வெள்ளையம்மாள். வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார்.

மச்சான் அவர் காலில் விழுந்தார். "அக்கா, சித்தன் செத்த அன்னைக்கு நான் வாய்க்கால் பாக்கப் போகலீங்க. உங்க தோட்டத்துல காப்பிப் பழம் திருடிக்கிட்டு இருந்தனுங்க. பிரசவத்துக்குக் கையில ஒண்ணுமில்ல. எங்கண்ணா போறீங்கன்னு தம்பி கேட்டான், பொய் சொல்லிட்டு வந்தேன். நல்லவன் மண்ணுக்குள்ள போயிட்டான், திருடன் தப்பிச்சுட்டனுங்க. இந்தக் கையால எப்படிச் சாமி கூடையத் தூக்குவேன்?"

இத்தனை வருஷம் இந்த மனுஷனையா கேலி பண்ணினேன்!

"தெரியுஞ் சாமி" என்றார் வெள்ளையம்மாள்.

அன்றைக்கு அவர் கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சில்வர் ஓக் மரத்தடியில் நின்றிருக்கிறார். மூட்டத்தில் மச்சான் அவரைப் பார்க்கவில்லை.

"திருட வர்றவன் கொப்போட உருவிக்கிட்டு ஓடுவான். நீ பச்சைக்காய உட்டுட்டுப் பழமாப் பாத்துப் பறிச்சுக்கிட்டு நின்னே, சொந்தத் தோட்டமாட்ட! அதுக்கு நாலு நாள் முந்திதான் தண்ணிச் சண்டையில என்னை அசிங்கமாத் திட்டியிருந்தே. ஊரக் கூட்டி, கற்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்ண வெக்கோணும்னு வாயத் தொறந்தேன். என்னமோ மூடிக்கிட்டேன். கத்தியிருந்தா எங்க ஓடியிருப்பே?"

மச்சான் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். வீட்டுக்குத்தான் ஓடியிருப்பார். சரிவு இறங்கும்போது உள்ளே இருந்திருப்பார்.

"ஏனுங்கக்கா கத்தாம உட்டீங்க?"

"எனக்கே தெரியல. நீ நல்லவன்னு உடல, அது மட்டும் நிச்சயம்."

"சாகற மட்டும் உங்க தோட்டத்துல சும்மா வேலை செய்யறனுங்க."

வெள்ளையம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "செஞ்சு கழிச்சுட்டுப் போயிரலாம்னு பாக்கறயா? உசுருக்கு ஈடு கட்ட உன்னால ஆகுமா? சும்மா கெடச்சுது, சும்மா வாங்கிக்க. எந்திரி."

மச்சான் நேரே கூட்டத்துக்குத் திரும்பி எல்லாவற்றையும் சொன்னார். கும்பிட்டவர்களில் சிலர் காறித் துப்பினார்கள். கூடையை வேறொருவர் சுமந்தார். மழையில் இருமல் நிற்கவில்லை, அது கடைசிவரை நிற்கவில்லை.

அந்த வைகாசியில் கூட்டத்தின் கடைசியில், என்னோடு, வெறுங்கையோடு குகைக்குள் குனிந்து நுழைந்தார். பூசாரிக்கு ஆச்சரியம். "என்ன கொண்டாந்தே ஐயாக்கண்ணு?"

"ஒண்ணும் கொண்டாரலீங்க."

அப்புறம் கையைக் கூப்பிக்கொண்டு, "தப்புப் பண்ணிக்கிட்டு இருந்தப்பவே என்னை உட்டு வெச்சீங்க சாமி. நொம்ப நல்லதுங்க" என்றார்.

அதற்கடுத்த ஒவ்வொரு வைகாசியிலும் அதையேதான் சொன்னார். வருஷம் ஏற ஏற, சொல்லி முடிப்பதற்குள் அழுகை முந்திக்கொண்டது.